பெட்டி லைற்றும் திரும்பி வாற கரண்டும்

போன பெரும்போகம் வெட்டி முடிஞ்ச கையோட, மாசி மாசம், முரசுமோட்டை வயலில இருந்து நாப்பது மூட்டை நெல்லை மிசின் பெட்டியில, அதாவது உழவு மிசினுக்குப் பின்னால கொழுவுற ட்றெயிலரில, ஏத்திக்கொண்டு தருமபுரத்துக்கு வந்துகொண்டிருந்தன், நேரம் ராத்திரி எட்டு தாண்டிட்டுது, நிலவும் இல்லை. பரந்தன் முல்லைத்தீவு றோட்டு இப்ப காப்பெற் போட்ட றோட்டு எண்டதால மிசின் அலுங்காமல் வருது, ஆனா ஒரு மதகடியில சின்ன இறக்கம் ஒண்டு கிடக்கு, அதில பெட்டி ஒருக்காத் தூக்கிக் குத்தினது. அது வழமையாக் குத்துற இடம்தான், நான் பெரிசா எடுக்கேல்ல. அதுக்குப் பிறகு கொஞ்சத் தூரம் போயிருப்பன், பின்னால ரயர் இழுபடுற சத்தம், அதோட ஏதோ றோட்டில தேய்ஞ்சு போற சத்தம்.

மிசினை ஓரங்கட்டிப்போட்டு இறங்கி ஓடிப் பாத்தா ஒரு பெடியன், மோட்டச்சைக்கிள் வாய்க்கால் கரையில சரிஞ்சு கிடக்கு, முழங்கையில தோல் உரிஞ்சு ரத்தம். நல்ல காலம் அவ்வளவுதான். தூக்கி நிப்பாட்டினா அவன் என்னோட கோவப்படக்கூட இல்லை, நடுங்கிக்கொண்டு, "அண்ணை, பின்னுக்கு ஒரு லைற்றும் இல்லை அண்ணை, றோட்டு வெறுமையாக் கிடக்கெண்டுதான் வந்தனான்" எண்டான். திரும்பிப் பாத்தா உண்மைதான், பெட்டியும் இருட்டு, மிசினின்ர பின்பக்கமும் இருட்டு. முன் லைற் ரெண்டும் பளிச்செண்டு எரியுது, அதால ஓட்டிக்கொண்டு வாற எனக்கு ஒண்டும் தெரியேல்ல. மூட்டைக்கு மேல இருந்த மருமகனை வந்து பிறேக்கை அமத்தச் சொன்னன், பிறேக் லைற் ரெண்டும் சிவப்பா வடிவா எரியுது. சிக்னலும் வேலை செய்யுது. பின் லைற் மட்டும் செத்துப்போச்சு.

அண்டைக்கு மிச்ச வழி முழுக்க மருமகன் மூட்டைக்கு மேல பின்பக்கம் பாத்து இருந்து ரோச் அடிச்சுக்கொண்டு வந்தவன். எனக்கு ராத்திரி நித்திரை வரேல்ல. மனசுக்குள்ள ஒரே கணக்கு. மிசின் 20 கிலோமீற்றரில போகுது, பின்னால வாற பஸ் 70இல வருது எண்டு வையுங்கோ, வித்தியாசம் 50. ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 14 மீற்றர். பஸ் லைற்றின்ர வெளிச்சத்தில சாம்பல் நிறப் பெட்டி ஒண்டு 50 மீற்றரில கண்ணில பட்டா அந்த ட்றைவருக்குக் கிடைக்கிறது நாலு செக்கனுக்கும் குறைவு. அதுக்குள்ள அவர் இது என்னெண்டு விளங்கி, காலைத் தூக்கி பிறேக்கில வைச்சு, பஸ்ஸின்ர வேகமும் மிசின் அளவுக்குக் குறைஞ்சு முடியோணும். சிவப்பா ரெண்டு பொட்டு எரிஞ்சா தூரத்திலயே தெரிஞ்சிடும். ஒரு சின்ன 5 வாற்ஸ் பல்ப், அரை அம்பியர்கூட இழுக்காது, அதில நிக்குது ஒரு உயிர்.

இந்த இடத்தில ஒண்டு சொல்லோணும். எங்கட ஆக்களுக்குப் பெட்டி லைற் எண்டா அவ்வளவு அக்கறை இல்லை, அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. பற்றறியும் பெற்றோலும் உள்ளுக்க வர விடாத தொண்ணூறுகளில மண்ணெண்ணெயில வாகனம் ஓட்டின சனம் நாங்கள். பிறகு 2008 கடைசியிலயும் 2009 தொடக்கத்திலயும் இதே றோட்டாலதான் பெட்டியில சட்டிபானை, கூரைத் தகரம், ஆடு, பிள்ளையள் எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எண்டு போனது. ராத்திரியில லைற் போடேலாது, மேல வண்டு, அதுதான் ஆளில்லாத வேவு விமானம், சுத்திக்கொண்டு நிக்கும். அப்பா முன் லைற்றுக்கு மேல சீலைத்துண்டு சுத்திக் கட்டினவர், பின்னுக்கு பிறேக் பல்ப் ரெண்டையும் கழட்டி சேட்டுப் பொக்கற்றுக்க போட்டவர். நான் கேட்டன், லைற் சுவிச்சை நிப்பாட்டித்தானே கிடக்கு அப்பா, பிறகேன் கழட்டுறீங்கள் எண்டு. "சுவிச் நிப்பாட்டினாலும் காலை வைச்சா அது எரியும் தம்பி" எண்டார். பிறேக் லைற்றுக்கு வாற கரண்ட் வேற வழி, லைற் சுவிச்சுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை எண்டது நான் அண்டைக்குப் படிச்சது. அந்த மிசின் திரும்பி வரேல்ல, இப்ப இருக்கிற மாசி பேர்கசன் 240 மிசின் பிறகு ஆரோ ஓடினதை வாங்கினது. ஆனா பின்னுக்கு எரியாட்டி என்ன, முன்னுக்கு வழி தெரியுதுதானே எண்ட பழக்கம் எங்களோட ஒட்டி வந்திட்டுது. இப்ப மேல ஒண்டும் சுத்தேல்ல, பின்னால பஸ்தான் வருது.

சரி, அடுத்த நாள் விடிய நெல்லை இறக்கிப்போட்டு வேலையைத் தொடங்கினம். பியூஸைக் கழட்டிப் பாத்தா எரிஞ்சிருக்கு, பின் லைற்றுக்குரிய 10 அம்பியர் பியூஸ். புதுசு போட்டன், லைற் வந்திட்டுது. இதோட சரி எண்டு விட்டிருப்பன், ஆனா மருமகன் பின்னால சுத்தி வந்து சொன்னான், "மாமா, இடப்பக்கம் மட்டும்தான் எரியுது, வலப்பக்கம் இல்லை" எண்டு. பிறேக்கை அமத்தினன். "பிறேக் லைற் ரெண்டும் இல்லை மாமா." ராத்திரி வடிவா எரிஞ்ச பிறேக் லைற் விடிய இல்லை! லைற் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு அமத்தினன். இப்ப பிறேக் லைற் எரியுறதுக்குப் பதிலா இடப்பக்கச் சின்ன லைற் மங்கலா எரியுது, அதோட மிசினின்ர சொந்தப் பின் லைற்றும் மினுங்குது. நான் கை வைச்சது பிறேக், எரியுறது வேற எங்கயோ.

இப்பிடி ஒண்டை அமத்த இன்னொண்டு எரிஞ்சா ஆக்கள் சொல்லுறது "வயர் எல்லாம் பழுது, முழுசா மாத்து" எண்டுதான். அவசரப்படாதேங்கோ. கண்ட இடத்தில கண்ட லைற் மங்கலா எரியுது எண்டா முதல் சந்தேகம் எர்த்தில வரோணும். கரண்ட் பற்றறியில இருந்து போய் பல்ப்பை எரிச்சுப்போட்டு திரும்பிப் பற்றறிக்கு வரோணும், இல்லாட்டி எரியாது. போற வழிக்கு சிவப்பு, பச்சை, மஞ்சள் எண்டு ஆளுக்கொரு வயர் இருக்கு, திரும்பி வர எல்லாத்துக்கும் ஒரே ஒரு வழிதான், அதைத்தான் எர்த் எண்டுறது. அந்த ஒண்டு அடைபட்டா கரண்ட் சும்மா நிக்காது, பக்கத்தில இருக்கிற பல்ப்புக்குள்ளால பூந்து வேற வயரைப் பிடிச்சுத் திரும்பப் பாக்கும். அதுதான் இந்த மினுங்கல் எல்லாம்.

அவ்வளவும் எனக்குத் தெரியும், தெரிஞ்சும் அரை நாள் போச்சு. நான் நேர போய் மிசினையும் பெட்டியையும் கொழுவுற பின்னைக் கழட்டி, ஊறிப்போன கிறீஸைத் துடைச்சு, துரு தேய்ச்சு, திரும்பப் போட்டன். எங்கட பக்கம் கன பெட்டியளுக்கு எர்த் வயர் எண்டு ஒண்டு உண்மையா வேலை செய்யிறேல்ல, இரும்பும் இரும்பும் முட்டுறதால அந்தக் கொழுவுற பின்னுக்குள்ளாலதான் கரண்ட் திரும்பி வருது. பாரம் ஏத்தினா நல்லா முட்டும், வெறும் பெட்டி எண்டா ஆடும், கிறீஸ் போட்டா அதுவும் இல்லை. அதால பின்னைத் தேய்ச்சா சரிவரும் எண்டு நினைச்சன். தேய்ச்சுப்போட்டு, பெட்டியை ஒரு பக்கம் இழுத்து இறுக்கிக்கொண்டு லைற்றைப் போட்டன். உடன பியூஸ் எரிஞ்சு போச்சு. இன்னொண்டு போட்டன், அதுவும் போச்சு.

எர்த்தை நல்லாக்கினா லைற் கூட எரியோணும். எர்த்தை நல்லாக்கப் பியூஸ் போகுது எண்டா விசயம் தலைகீழா இருக்கு. அந்த நேரம் வந்த பக்கத்து வளவு அண்ணை சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுத்திப் போடு, நிக்கும் எண்டார். அன்பாத்தான் சொன்னவர், ஆனா தயவு செய்து அதைச் செய்யாதேங்கோ. பியூஸ் எரியாட்டி அதுக்குப் பதிலா வயர் எரியும், வைக்கோல் ஏத்தின பெட்டிக்கு அடியில வயர் எரிஞ்சா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு நான் செய்தது எனக்கு முந்தி ஒரு வயசுபோன எலக்றீசியன் ஐயா காட்டித் தந்த வேலை. பியூஸ் இருக்கிற இடத்தில பியூஸுக்குப் பதிலா ஒரு 21 வாற்ஸ் பல்ப்பை ரெண்டு வயரால தொடுத்து விடுறது. வயர் எங்கயும் முட்டாமல் ஒழுங்கா இருந்தா அந்தப் பல்ப் மங்கலா செம்மஞ்சளா நிக்கும், எங்கயாவது முட்டினா அது பளிச்செண்டு முழுசா எரியும், ஆனா ஒண்டும் கருகாது, பியூஸும் செலவில்லை. ஆற அமர இருந்து தேடலாம். நான் மிசின் சீற்றடியில பல்ப்பைப் பாத்துக்கொண்டு நிக்க, மருமகன் பெட்டிக் கொழுவியில ஏறி நிண்டு குதிச்சான். குதிக்கக் குதிக்க பல்ப் பளிச், மங்கல், பளிச், மங்கல். பெட்டியின்ர இரும்பு மிசினின்ர இரும்பில முட்டுற நேரமெல்லாம் ஷோட் ஆகுது. அப்ப மதகடியில குத்தின குத்தில என்ன நடந்தது எண்டு விளங்கிட்டுது. கொழுவுற பின் இறுகி முட்டினது, பியூஸ் போனது, நான் ஒண்டும் தெரியாமல் இருட்டில வந்தது.

மருமகன் அதுக்குள்ள மீற்றரோட நிக்கிறான். கிளிநொச்சியில படிக்கிற பெடியன், எல்லாத்தையும் அளந்து பாக்கோணும் அவனுக்கு. இடப்பக்க லைற்றில சிவப்பு முனையை வயரிலயும் கறுப்பு முனையை லைற் உடம்பிலயும் வைச்சு, "பன்ரண்டு வருது மாமா, ஆனா முன்னுக்குக் கழித்தல் அடையாளம் காட்டுது" எண்டான். முனையை மாறிப் பிடிச்சிருப்பாய் எண்டு சொல்லிப்போட்டன். அவன் மாறிப் பிடிக்கேல்ல. காலமையும் அவன் இதையேதான் சொன்னவன், நான்தான் காது குடுக்கேல்ல, குடுத்திருந்தா அரை நாள் மிச்சம்.

ரெண்டாந்தரம் சொல்லேக்கதான் எனக்கு ஓடினது. ஒரு பல்ப்பை எடுத்து ஒரு வயரை மிசின் எர்த்தில பிடிச்சன், மற்ற வயரைப் பெட்டியின்ர இரும்பில, பெயின்ற் உரிஞ்ச இடத்தில தொட்டன். பல்ப் எரிஞ்சுது. லைற் இல்லை, வயர் இல்லை, வெறும் பெட்டி, அந்த முழு இரும்பும் கரண்டில நிக்குது. 12 வோல்ற்தான், ஆளைப் பிடிக்காது, எண்டாலும் கையை எடுத்திட்டன்.

பெட்டி வயரை மிசினில தொடுக்கிற பிளக்கைக் கழட்டினம். ஏழு ஊசி பிளக், உள்ளுக்க ஒவ்வொரு ஸ்குறூவுக்குப் பக்கத்திலயும் சின்னனா நம்பர் அடிச்சிருக்கும், கண்ணாடி போட்டாத்தான் தெரியும். 1 அல்லது L எண்டா இடப்பக்கச் சிக்னல், மஞ்சள் வயர். 4 அல்லது R வலப்பக்கச் சிக்னல், பச்சை. 6 பிறேக், சிவப்பு, அதில 54 எண்டும் இருக்கும். 5 வலப்பக்கப் பின் லைற், மண்ணிறம். 7 இடப்பக்கப் பின் லைற், கறுப்பு. 3 எண்டது எர்த், வெள்ளை, அதில 31 எண்டு அடிச்சிருக்கும். 2 பனி லைற்றுக்கு, நீலம், எங்கட பக்கம் அது சும்மாதான் கிடக்கும். இதில பாருங்கோ, எர்த் வெள்ளை, கறுப்பு லைற்! ஆனா மிசினுக்குள்ள போற வயரில, மாசி மாதிரி இங்கிலாந்துப் பழக்கத்தில வந்த மிசினுகளில, கறுப்பு எண்டாத்தான் எர்த். ஒரே கறுப்பு, மிசினில ஒரு அர்த்தம், பெட்டிக் கேபிளில வேற அர்த்தம்.

எங்கட பிளக்கில எல்லாம் நம்பர்படி சரியாத்தான் கிடந்தது, கறுப்பு 7இல, வெள்ளை 3இல. பிறகு பெட்டிக்கு முன்பக்கம் அடியில வயர் பிரியிற இடத்தில சுத்தியிருந்த ரேப்பை உரிச்சம், பசை உருகிக் கையெல்லாம் ஒட்டுது, உள்ளுக்க சேறும் பச்சைக் களிம்பும். அங்க பாத்தா கறுப்பு வயர் பெட்டி இரும்பில போல்ட் போட்டு இறுக்கிக் கிடக்கு. வெள்ளை வயர் இடப்பக்க லைற்றுக்குப் போகுது.

நடந்தது இதுதான். பெட்டிக்கு முதல் வயர் அடிச்ச ஆள் கறுப்பு எண்டா எர்த் எண்டு நினைச்சு அடிச்சிருக்கிறார், பிளக்கிலயும் அதுக்கேத்த மாதிரி மாத்திப் போட்டிருப்பார், அப்ப ஒழுங்கா எரிஞ்சிருக்கும். ரெண்டு வருசத்துக்கு முதல் பிளக் மிதிபட்டு உடைய நான் ஒரு கராஜில குடுத்து மாத்தினனான், அங்க இருந்தவர் நம்பரைப் பாத்து முறைப்படி பூட்டியிருக்கிறார். ரெண்டு பேரும் தங்கட கணக்கில சரி. ஆனா மற்றப் பக்கத்தை ஒருத்தரும் அவிட்டுப் பாக்கேல்ல, நானும் பாக்கேல்ல. அதால லைற் சுவிச்சைப் போட்டா 7இல வாற கரண்ட் நேர பெட்டி இரும்புக்குப் போகுது. கொழுவுற பின் முட்டாமல் இருந்தா அந்த இரும்பில இருந்து இடப்பக்கப் பல்ப்புக்குள்ளால தலைகீழா ஓடி வெள்ளை வயரால எர்த்துக்கு வருது, அதுதான் இடப்பக்கம் மட்டும் எரிஞ்சது, அதுதான் மீற்றரில கழித்தல். இழை பல்ப்புக்கு எந்தப் பக்கத்தால கரண்ட் வந்தாலும் ஒண்டுதான். பிறேக்கை அமத்தினா பல்ப்பின்ர ரெண்டு பக்கமும் பன்ரண்டு, பிறகெப்பிடி எரியும். பின் முட்டினா பியூஸ் போகும். பியூஸ் போன பிறகு பிறேக்கும் சிக்னலும் அந்த முட்டின கொழுவுற பின்னுக்குள்ளாலயே திரும்பி வந்து வடிவா வேலை செய்யும், ராத்திரி கண்டது மாதிரி. ரெண்டு வருசமா நான் பியூஸ் மாத்திக்கொண்டு ஓடியிருக்கிறன், மலிஞ்ச பியூஸ் எண்டு கடைக்காரனைக் குறை சொல்லிக்கொண்டு.

திருத்தினது அரை மணித்தியாலம்தான். கறுப்பைக் கழட்டி இடப்பக்க லைற்றுக்குக் குடுத்து, வெள்ளையை இரும்புக்குக் கொண்டுவந்தம். எர்த் பூட்டுற இடத்தைப் பெயின்ற் போக வெள்ளி மாதிரி மினுங்குமட்டும் சுரண்டோணும், பெயின்ற்றுக்கு மேல போல்ட் இறுக்கிப்போட்டு எர்த் குடுத்திட்டன் எண்டு நினைக்கிறவை கன பேர். இறுக்கின பிறகு மேல கிறீஸ் பூசினா ஈரம் பிடிக்காது. லைற் உடம்புக்கும் பெட்டிக்கும் நடுவில துரு இருந்ததால ரெண்டு லைற்றுக்கும் தனித்தனியா ஒரு வயர் அந்த போல்ட்டுக்கே இழுத்தன். பழைய வயரை நுனியில வெட்டிப் பாத்தா செம்பு கறுத்துக் கிடந்தது, மினுங்குற செம்பு வருமட்டும் ரெண்டு அங்குலம் வெட்டி எறிஞ்சம்.

பிறகு செய்த சோதனையை எல்லாரும் செய்து பாக்கோணும் எண்டது என்ர விருப்பம், காசு செலவில்லை. பெட்டியை முட்டுக் குடுத்து நிப்பாட்டி, கொழுவுற பின்னைக் கழட்டி, மிசினை அரையடி முன்னுக்கு எடுத்து, இரும்பும் இரும்பும் முட்டாமல், பிளக் வயர் மட்டும் தொடுத்திருக்க லைற்றைப் போட்டுப் பாருங்கோ. எல்லாம் எரியோணும். எரியாட்டி உங்கட பெட்டியும் அந்தக் கொழுவுற பின்னை நம்பித்தான் வாழுது.

மீற்றரைப் பற்றி ஒண்டு. மீற்றர் நல்ல சாமான், ஆனா பல்ப் எரியாத இடத்தில 12 காட்டுது எண்டு சொல்லி வயர் சுகம் எண்டு நினைக்கக் கூடாது. உள்ளுக்க செம்பு களிம்பேறி பேருக்கு முட்டிக்கொண்டு நிண்டாலும் மீற்றருக்கு அது காணும், மீற்றர் கரண்ட் இழுக்கிறதே இல்லை எண்ட மாதிரித்தான். 21 வாற்ஸ் பல்ப் ஒண்டே முக்கால் அம்பியர் இழுக்கும், அந்தக் களிம்புக்குள்ளால அது வராது. அதால நான் ரெண்டு வயர் பிடிச்ச ஒரு பல்ப்பை சீற்றுக்கடியில வைச்சிருக்கிறன். மீற்றர் வைச்சிருக்கிறவை இப்பிடிச் செய்யலாம்: லைற் எரியேக்க ஒரு முனையை பற்றறி நெகற்றிவ்விலயும் மற்றதை லைற் உடம்பிலயும் பிடிச்சா கிட்டத்தட்ட சைபர் வரோணும். ரெண்டு, மூண்டு வோல்ற் காட்டினா எர்த் வழியில எங்கயோ அடைப்பு.

பல்ப் வாங்கேக்கயும் பாத்து வாங்குங்கோ. பின் லைற்றும் பிறேக்கும் ஒரே பல்ப்பில எண்டா ரெண்டு இழை உள்ள 21/5 பல்ப் வேணும், அதின்ர பக்கத்து முளை ரெண்டும் ஒண்டு மேல ஒண்டு கீழ இருக்கும். ஒற்றை இழை பல்ப்பில ரெண்டும் நேரா இருக்கும். குறட்டால நெரிச்சு மாறிப் பூட்டின பல்ப்பை நான் கண்டிருக்கிறன், அதுக்குள்ளால பிறேக்கும் பின் லைற்றும் ஒண்டாச் சேந்து இதே கூத்துத்தான். சிக்னல் பல்ப்பை எல்ஈடிக்கு மாத்தினவை பிறகு சிக்னல் அடிக்காமல் நிக்குது எண்டு வருவினம், பழைய பிளாஷர் சூடேறித்தான் வெட்டி வெட்டி அடிக்கிறது, எல்ஈடி இழுக்கிற கொஞ்சக் கரண்டில அது சூடேறாது. பிளாஷரையும் சேத்து மாத்தோணும்.

லாண்ட்மாஸ்ரர், அதுதான் ரெண்டு சில்லு மிசின், வைச்சிருக்கிறவைக்கு பெட்டியில வயரே இல்லை, அவைக்கு இவ்வளவும் சொல்லிப் பிரியோசனம் இல்லை. பக்கத்து வளவு அண்ணையின்ர பெட்டிக்கு நான் சிவப்பு ரிஃப்ளெக்டர் ரேப் வாங்கி ரெண்டு மூலையிலயும் ஒட்டி விட்டன், சாணியும் சேறும் படேக்க துணியால துடைக்கச் சொல்லி. அவர் இப்ப வைக்கோல் ஏத்திப்போட்டு அது மறைஞ்சிட்டுதோ எண்டு தானே பின்னால போய்ப் பாத்துப்போட்டு வெளிக்கிடுறார்.

பிளக்கின்ர மூடி ஸ்பிறிங் உடைஞ்சு கிடக்கு, இப்போதைக்கு சொப்பிங் பாக் சுத்தி றப்பர் பாண்ட் போட்டிருக்கிறன், வவுனியா போகேக்க புதுசு வாங்கோணும். நாளைக்கு விடியப்பறம் பரந்தன் மில்லுக்கு மிச்ச நெல்லு போகுது. மருமகன் பின்னால நிண்டு "இடது... வலது... பிறேக்... சரி மாமா" எண்டு சொன்ன பிறகுதான் கியர் போடுறது.